மதிப்பெண் தரவை வரைபடமாக்கிப் பழகுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் யார் பிள்ளை எந்தப் பாடத்தில் தேறவில்லை என்பது சீக்கிரமே ஊருக்குத் தெரிந்துவிடும். பெயரை நீக்கினாலும் தோட்டமும் படிவமும் (வகுப்பும்) போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் தரவுக் காட்சிப்படுத்தல், அதாவது எண்களைப் படமாகக் காட்டுவது, பழக நம் பிள்ளைகளின் மதிப்பெண்களைத் தொடாதீர்கள். அதற்குப் பொதுத் தரவு இருக்கிறது.

படி 1: கலிபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தின் இயந்திரக் கற்றல் தரவுக் களஞ்சியத்தில் 'ஸ்டூடண்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று தேடுங்கள். போர்த்துகலின் இரண்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களின் விவரம் அது. கணிதக் கோப்பை மட்டும் எடுங்கள், 395 மாணவர்கள்.

படி 2: கூகுள் ஷீட்ஸில் ஏற்றுங்கள். பிரிப்புக்குறியாக அரைப்புள்ளியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் 33 நெடுவரிசைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

படி 3: கடைசி நெடுவரிசை ஜி3. அது 20-க்குக் கணக்கிடப்பட்ட இறுதி மதிப்பெண். அதைத் தேர்ந்து 'இன்செர்ட்', பிறகு 'சார்ட்' அழுத்தி, ஹிஸ்டோகிராம் வகையைத் தேர்ந்தெடுங்கள். எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைத் தூண்களின் உயரத்தால் காட்டும் படம் அது. இங்கே அவசரம் வேண்டாம். 10-ஐ ஒட்டி உயரமான தூண்கள் நிற்கும். இடது ஓரத்தில், 0 மதிப்பெண்ணில் 38 பேர் தனியே ஒதுங்கி நிற்பார்கள். சராசரியை மட்டும் கணக்கிட்டால் சுமார் 10.4 வரும், அந்த 38 பேரும் அதில் கரைந்துபோவார்கள்.

படி 4: வடிகட்டியைப் போட்டு அந்த 38 வரிகளை மட்டும் படியுங்கள். முதல் பருவ மதிப்பெண்ணான ஜி1-இல் ஒருவர்கூட 0 வாங்கவில்லை. பள்ளிக்கு வராத நாட்களைக் குறிக்கும் 'ஆப்சென்சஸ்' நெடுவரிசையிலோ எல்லாருக்கும் 0. ஒரு நாளும் தவறாமல் வந்தவர்கள் அத்தனை பேரும் இறுதியில் 0 வாங்குவார்களா? பாதியில் நின்றுவிட்டவர்கள் என்றே நான் கருதுகிறேன். இடைநிலைப்பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பதிந்தும் எழுதாமல் போகும் பிள்ளைகள் நம் நாட்டிலும் உண்டு. அவர்களைச் சராசரி காட்டாது, வரைபடம் காட்டும் என்பதால்தான் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

படி 5: வடிகட்டியை எடுத்துவிடுங்கள். 'ஆப்சென்சஸ்', ஜி3 இரண்டையும் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி தேர்ந்து, ஒவ்வொரு மாணவரையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சிதறல் வரைபடம் போட்டு, புள்ளிகளின் பொதுப் போக்கைக் காட்டும் போக்குக் கோட்டைச் சேருங்கள். கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கும். வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும். இப்போது ஜி3-இல் 0 உள்ள வரிகளை வடிகட்டி நீக்குங்கள். வராத நாள் கூடக்கூட மதிப்பெண் குறைவதைக் காட்டி, கோடு கீழ்நோக்கிச் சாயும்.

படி 6: இரண்டு படங்களையும் அருகருகே வையுங்கள். செங்குத்து அச்சு இரண்டிலும் 0 முதல் 20 வரை இருக்கட்டும். 38 பேரை நீக்கிய விவரத்தை இரண்டாவது படத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள்.