பூனை மேல் இருப்பது கொஞ்சம், வீட்டில் இருப்பதுதான் மிச்சம்: தெள்ளுப்பூச்சியை ஒழிக்கும் வழி

பூனையின் உடம்பில் நம் கண்ணில் படுகிற தெள்ளுப்பூச்சி, வீட்டில் இருக்கிற மொத்தத் தெள்ளில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரை வெடிப்பில், கட்டிலடியில், சாக்கு மடிப்பில் கிடக்கிறது. பூனைக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை அப்படியே விட்டால் இரண்டு வாரத்தில் பழைய கதைதான். வீட்டை மட்டும் கழுவி பூனையை விட்டாலும் அதேதான். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கி, மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

நான் மதுரை செல்லூரில் தையல் தைக்கிறேன். ரவிக்கை தைப்பதும் சுங்குடிச் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும்தான் பெரும்பாலான வேலை. துணி இருக்கிற வீட்டில் எலி வராமல் இருக்காது. அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் பூனை உண்டு. இப்போது இருப்பவை கருப்பி, செவலை, செவலை போட்ட குட்டி ஒன்று. வெட்டுத்துணி மூட்டைக்குள் சுருண்டு படுப்பதென்றால் மூன்றுக்கும் உயிர். தெள்ளு முட்டையிட்டுப் பெருக அதைவிட வசதியான இடமும் வேறில்லை. வாடிக்கையாளர் துணியில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாலும் என் பிழைப்பு போய்விடும். ஆகவே இந்த விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக் கேட்டு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

முதலில் தெள்ளுதானா என்று பாருங்கள். உண்ணி ஒரே இடத்தில் தலையைப் புதைத்து ஒட்டிக்கொண்டிருக்கும், குதிக்காது. தெள்ளு பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் நசுங்கின மாதிரி ஒல்லியாக இருக்கும். முடியைப் பிரித்ததும் சரசரவென்று ஓடும், தொட்டால் துள்ளும். பல நேரம் பூச்சியே கண்ணில் படாது, ஏனென்றால் பூனை நக்கி நக்கி விழுங்கிவிடும். அப்போது அதன் கழிவைத்தான் தேட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியின் மேல் பூனையை நிறுத்தி, வால் ஆரம்பிக்கிற இடத்திலும் கழுத்திலும் பேன்சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்பாக உதிரும். ஈரம் பட்டதும் அந்தப் புள்ளியைச் சுற்றி செம்பழுப்புச் சாயம் பரவினால் அது மண் இல்லை, செரித்த இரத்தம். தெள்ளு இருக்கிறது.

வீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வெள்ளை வேட்டி போதும். பூனை படுக்கிற இடத்தில் வேட்டி கட்டிய ஒருவர் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு, கரையோரம் குனிந்து பார்க்கட்டும். கூட்டுக்குள் இருக்கிற தெள்ளு, நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் நாம் விடும் மூச்சும் பட்டால்தான் வெளியே வரும். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கணுக்காலெல்லாம் கடி வாங்குவது இதனால்தான். உள்ளே யாருமில்லாத நாளெல்லாம் கூட்டுக்குள்ளேயே காத்துக்கிடந்திருக்கும். மாதக்கணக்கில்கூட அப்படிக் காத்திருக்கும்.

ஒரு பெண் தெள்ளு, இரத்தம் குடித்து ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும். வேகமெடுத்தால் நாளுக்கு 40, 50 முட்டை. அந்த முட்டை ஒட்டாது. பூனை எங்கே படுத்தாலும், எங்கிருந்து குதித்தாலும் உதிரும். சில நாளில் புழு வரும். அது வெளிச்சத்தைக் கண்டால் இருட்டுக்குள் நகர்ந்து, பெரிய தெள்ளின் கழிவைத் தின்று வளரும். பிறகு பிசுபிசுப்பான கூடு கட்டி, மேலே தூசியை ஒட்டிக்கொண்டு கிடக்கும். நம் ஊர்ச் சூட்டில் இந்தச் சுற்று மூன்று நான்கு வாரத்தில் முடிந்துவிடும். கூட்டுக்குள் எந்த மருந்தும் சரியாக இறங்காது. மூன்று மாதம் என்று சொன்னதற்கு இந்தக் கூடுதான் காரணம். மருந்து போட்ட இரண்டாவது வாரத்தில் திடீரென்று நிறையத் தெள்ளைப் பார்த்தால் மருந்து பொய் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். பழைய கூடுகள் உடைந்து வருபவை அவை. மருந்து உள்ள பூனை மேல் ஏறியதும் சாகும்.

இனி பூனைக்கு என்ன போடுவது என்பது. இந்தப் பகுதியை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

நாய்க்கு, ஆட்டுக்கு, மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. துளிகூட வேண்டாம். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் என்று பாட்டிலில் இருந்தால் அது பூனைக்கு நஞ்சு. இவற்றில் பெர்மெத்ரின் போன்றவற்றை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. நாய் தாங்குவதைப் பூனை தாங்காது. எறும்புக்குக் கோடு போடுகிற சாக்பீஸும் இதே வகை மருந்துதான், அதைப் பொடித்துத் தடவுகிறவர்களும் உண்டு. என் நாத்தனார் மேலூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிறாள். ஒருதடவை வரும்போது சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஆட்டுக்கு அடிக்கிறதுதான் மதினி. ஒரு மூடி தண்ணியில கலந்து தொடச்சுவிட்டா அம்புட்டும் போயிரும்."

"ஆட்டுக்குச் சரித்தா தாயி. பூனை நாள் முழுக்க நக்கிக்கிட்டே இருக்கும். ஒடம்புல போட்டது அம்புட்டும் வயித்துக்குள்ளதான போகும்?"

அவள் பாசத்தில்தான் கொண்டுவந்தாள். இப்படிப் பாசத்தில் கொடுக்கிற மருந்தில்தான் நிறையப் பூனைகள் போகின்றன. தெரியாமல் யாராவது போட்டுவிட்டால் அறிகுறி சில மணி நேரத்தில் வரலாம், சிலதுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். எச்சில் வடிதல், காது துடிப்பு, உடம்பு நடுக்கம், வலிப்பு. அதுவரை காத்திருக்காதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி, மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பால், புளித்தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம்.

வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேப்பெண்ணெய், நீலகிரித் தைலம், கற்பூரம் கரைத்த எண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில் எதையும் பூனை மேல் தடவக்கூடாது. சாப்பாட்டில் பூண்டு கலந்து கொடுத்தால் தெள்ளு ஓடும் என்பார்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும். ஏற்கெனவே இரத்தம் உறிஞ்சப்பட்ட ஜீவனுக்கு அதையும் கொடுப்பது கொடுமை. பீரோவில் போடும் ரசகற்பூர உருண்டையையும் பூனைப் படுக்கையில் வைக்க வேண்டாம். காய்ந்த வேப்பிலையைத் தரையில் பரப்பினால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

சரியானது, பூனைக்கென்றே வருகிற சொட்டு மருந்து. ஃபிப்ரோனில், செலாமெக்டின் போன்றவை. ஃபிப்ரோனிலோடு மெத்தோப்ரீன் சேர்ந்தது கிடைத்தால் நல்லது, அது முட்டை பொரிவதையும் தடுக்கும். பெட்டியில் பூனைப் படம் இருக்கிறதா, எத்தனை கிலோவுக்கு, எத்தனை வார வயதுக்கு மேல் என்று பார்த்து வாங்குங்கள். பொதுவாக 8 வாரத்துக்குக் கீழே உள்ள குட்டிக்குப் போடுவதில்லை. சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

போடும் இடம் பிடரி, தலை முடிந்து கழுத்து ஆரம்பிக்கிற இடம். முடியை இரண்டாக வகிர்ந்து, தோல் தெரிந்ததும் அதன் மேலேயே விட வேண்டும். முடி மேல் விட்டால் பாதி வீண். அங்கேதான் அதன் நாக்கு எட்டாது. ஆனால் இன்னொரு பூனையின் நாக்கு எட்டும். அதனால் காயும்வரை ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் அடைத்துவையுங்கள். எங்கள் வீட்டில் கருப்பி கட்டிங் மேசை இருக்கிற அறையில், செவலை சமையலறையில். ஃபிப்ரோனில் என்றால் போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்ட வேண்டாம். வீட்டில் எத்தனை பூனை, நாய் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அன்றைக்கே, அதனதன் மருந்தைப் போட வேண்டும். நாய் மேலும் பெரும்பாலும் இருப்பது இதே பூனைத் தெள்ளுதான். பெர்மெத்ரின் போட்ட நாயைச் சில நாள் பூனையோடு படுக்க விடக்கூடாது.

சின்னக் குட்டிக்குச் சீப்புதான் மருந்து. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு போட்டு, முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உடம்பு நனைந்ததும் தெள்ளெல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஏறிவிடும். பிறகு உடம்பைக் கழுவி, உடனே துடைத்து, குளிர் தாக்காமல் சூடாக வைத்துச் சீப்பால் வாருங்கள். பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும். வாரியதை அதில் முக்க வேண்டும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து வெளியே துள்ளிவிடும், சோப்பு கலந்தால் மூழ்கும். பெரிய பூனைக்கும் தினம் வாரலாம். சாளை மீன் தலையைத் தட்டில் போட்டுவிட்டு, அது தின்னும்போது வாரினால் ஒரு கீறலும் விழாது.

குட்டியின் ஈறைத் தினம் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறி, குட்டி சோர்ந்து பாலும் குடிக்காமல் கிடந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தெள்ளு உறிஞ்சியே குட்டி சாகும், இதை நிறையப் பேர் நம்புவதில்லை. காய்ச்சல் என்று நினைத்து மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொல்லும்.

அடுத்தது வீடு. பூனை விரும்பிப் படுக்கிற இடங்களை முதலில் கணக்கெடுங்கள், தெள்ளும் அங்கேதான் அதிகம். படுக்கைத் துணி, தலையணை உறை, சாக்கு எல்லாவற்றையும் 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போடுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். நேர்வெயில் படுகிற காய்ந்த இடத்தில் தெள்ளின் புழு பிழைக்காது, அந்த வகையில் மதுரை வெயில் நமக்கு உதவி. (சாயம் போகிற சுங்குடியை மட்டும் வெந்நீரிலும் வெயிலிலும் போட்டுவிடாதீர்கள், அதை மூடிய பீரோவிலேயே வையுங்கள்.) வெட்டுத்துணியைத் தரையில் குவிக்காமல் மூடி போட்ட டப்பாவில் போடுகிறேன்.

வேக்குவம் இருந்தால் கட்டிலடி, சோபா இடுக்கு, சுவரோரம் எல்லாம் இழுத்து, பையை உடனே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். இல்லாதவர்கள் வெடிப்பையும் மூலையையும் ஈர்க்குமாறால் கிளறிக் கூட்டி, குப்பையைச் சோப்புத் தண்ணீரில் கொட்டிவிட்டு, தரையைச் சோப்புப் பொடி கலந்த வெந்நீரால் துடைக்கலாம். எங்களைப் போலப் பழைய சிவப்புத் தரை வீடு என்றால் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைப்பதே பாதிப் போரை முடித்துவிடும். இரவில் ஒரு அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே சின்ன விளக்கைத் தொங்கவிட்டால் வெளிச்சத்துக்கு வந்து விழும். அதனால் மொத்தமும் ஒழியாது. குறைகிறதா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி.

இதற்கும் அடங்காவிட்டால் பூச்சிமருந்து அடிக்கிறவரைக் கூப்பிடுங்கள். தெள்ளு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து, அதாவது மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் சேர்ந்தது இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் பூனை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். அடித்த தரை நன்றாகக் காய்ந்து, காற்றாடிய பிறகுதான் பூனை உள்ளே வர வேண்டும்.

எப்போது தொடங்குவது என்றால், எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு முன். அப்போதுதான் மெஷினை இழுத்துப் போட்டு, மூலைமுடுக்கெல்லாம் துடைப்போம். அடுத்து ஐப்பசி மழை பிடித்தால் காற்றில் ஈரம் ஏறும். சித்திரை வெயிலில் அடங்கிக் கிடந்தது அந்த ஈரத்தில்தான் பெருகும். புரட்டாசியிலேயே முதல் சொட்டு போட்டு, மார்கழி முடியும்வரை மாதாமாதம் தவறாமல் போட்டுவிட்டால் பெருக இடமே இருக்காது. தெருவுக்குப் போய்வருகிற பூனைக்கு வருடம் முழுக்கப் போடச் சொல்லி டாக்டர் சொன்னால் அதுதான் சரி.

கடைசியாக ஒன்று. தெள்ளை விழுங்குகிற பூனைக்கு நாடாப்புழு வரும். வால் அடியிலோ படுக்கையிலோ அரிசி போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அதன் துண்டுதான். பிராசிகுவாண்டெல் மாத்திரை கொடுத்தால் போய்விடும், ஆனால் தெள்ளு இருக்கும்வரை மறுபடி வரும். இந்த மாத்திரையும் சொட்டு மருந்தும் எடையைப் பார்த்துத்தான் தருவார்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று ஒரு தடவை, தனியாக நின்று ஒரு தடவை பார்த்து, கழித்து வருகிற எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.