அடுக்கு ஃப்ரைட் சிக்கன்: எண்ணெய் காய்வதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

எண்ணெயில் போட்ட இரண்டாவது நிமிடத்தில் என் கோழி சீட்டுக்கட்டைப் போல விரிந்தது. மேலடுக்கு ஒரு பக்கம், கீழடுக்கு இன்னொரு பக்கம். நடுவில் இருந்த மூன்றும் மாவுக் கூட்டை உதறிவிட்டுத் தனியே மிதந்தன. அட்லாண்டாவில் குடியேறிய இரண்டாம் ஆண்டு அது. வீட்டில் விருந்தினர் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அன்று எல்லோரும் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்பளம் மட்டும் பிரமாதமாகப் பொரிந்திருந்தது.

நான் செய்ய முயன்றது அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஃப்ரைட் சிக்கனை, பிரெஞ்சுக்காரர்கள் டெரீன் என்ற அச்சுப் பண்டத்தைச் செய்யும் முறையில் அடுக்கிச் செய்வது. எலும்பு நீக்கிய தொடைக்கறியை ஒரு நீள டின்னில் ஐந்தாறு அடுக்காகப் பரப்பி, மிதமான சூட்டில் வேகவைத்து, பாரம் வைத்து இரவு முழுவதும் குளிரவைத்து, மறுநாள் செங்கல் வடிவில் நறுக்கி, தயிர்க் கலவையில் நனைத்து, மாவில் புரட்டிப் பொரிக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் வெளியே மொறுமொறுப்பான ஓடு, உள்ளே வரிவரியாகக் கறி. எலும்பைக் கையில் பிடித்துக் கடிக்கும் பண்டம், கத்தியும் முள்கரண்டியும் வைத்துப் பரிமாறும் பண்டமாக மாறிவிடும்.

அன்றைக்கு நான் எண்ணெயைப் பழித்தேன். எண்ணெய் ஒரு பாவமும் அறியாது. இந்தப் பண்டத்தில் பொரிப்பது கடைசி நான்கு நிமிட வேலை. கெடுவதெல்லாம் முந்தைய நாளே கெட்டு முடிந்திருக்கும்.

முதல் தவறு உப்பில். உப்பு இங்கே ருசிக்காக மட்டும் இல்லை, அதுதான் பசை. கைமாவில் உப்புப் போட்டுப் பிசையப் பிசைய, அது கையில் ஒட்டிக்கொண்டு வர மறுப்பதைக் கவனித்திருப்பீர்கள். உப்பு பட்டதும் இறைச்சியிலிருந்து மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வருகிறது. சூடு பட்டதும் அது இறுகி, ஒரு துண்டை இன்னொரு துண்டோடு பிணைத்துவிடுகிறது. அப்படி இறுகிய பிணைப்பு மறுபடி சூடாக்கினாலும் இளகாது. அடுக்குகளைப் பிடித்து வைக்கும் இன்னொன்று ஜெலட்டின். ஆட்டுக்கால் சூப் ஃப்ரிட்ஜில் உறைந்து நிற்குமே, அதே சரக்கு. தொடைக்கறியில் அது நிறையவே உண்டு. ஆனால் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது கல் மாதிரி இருந்த என் கோழி எண்ணெயில் பிரிந்ததன் காரணம் இதுதான். ஜெலட்டினை மட்டும் நம்பியிருந்தேன். அது எண்ணெயைக் கண்டதும் கைவிட்டுவிட்டது.

ஆகவே ஒரு கிலோ கறிக்கு 15 கிராம் உப்பு, நிறுத்துப் போடுங்கள். போட்டு ஒரு மணி நேரம் வைத்த பிறகு, அடுக்குவதற்கு முன், துண்டுகளைக் கையால் இரண்டு மூன்று நிமிடம் நன்றாகத் தேயுங்கள். மேற்பரப்பு வழவழப்பு போய்ப் பிசுபிசுவென்று ஆக வேண்டும். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக் கவிழ்த்தால் சட்டென்று விழாமல் ஒரு கணம் ஒட்டி நின்று விழ வேண்டும். அந்த நிலை வராமல் அடுக்காதீர்கள். பிசுபிசுப்பு அருவருப்பாக இருக்கிறது என்று கழுவிவிட்டு அடுக்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பசையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தாளை ஒட்டுவது போலத்தான் அது.

பசை வேண்டும் என்று சிலர் முட்டை, மைதா, சோளமாவு என்று நடுவில் தடவுகிறார்கள். வெந்த பிறகு அது மாவுக் கோடாகத் தெரியும், வாயில் களியாக நிற்கும். சில உணவகங்களில் ட்ரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியைத் தூவி ஒட்டுகிறார்கள். வீட்டுக்கு அது தேவையே இல்லை.

அடுத்தது நம் கைக்கே உரிய தவறு: இஞ்சி பூண்டு விழுது. கோழி என்றாலே கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும். பச்சை இஞ்சியில் புரதத்தை அரிக்கும் நொதி இருக்கிறது. அரை மணி நேர ஊறலுக்கு அது நல்லது. அதற்கு மேலும் கிடந்தால் கறியின் மேற்பரப்பு கொழகொழவென்று ஆகிவிடும். ஒட்ட வேண்டிய இடமே கரைந்து போனால் அடுக்கு எப்படி நிற்கும்? விழுதில் இருக்கும் தண்ணீர் வேறு. பூண்டு வாசனை வேண்டுமானால் பூண்டுப் பொடி போதும்.

மசாலா விஷயத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1824இல் மேரி ராண்டால்ஃப் வெளியிட்ட வர்ஜீனியச் சமையல் நூலில் கோழி பொரிக்கும் குறிப்பு சில வரிகள்தான்: மாவு, உப்பு, கொதிக்கும் பன்றிக் கொழுப்பு. அத்தகைய பெரிய வீடுகளின் அடுக்களைகளில் உண்மையில் அடுப்படியில் நின்றவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். இந்தச் சமையலின் கைப்பக்குவம் அவர்களுடையது. இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சமையலுக்குப் பெரும் மதிப்புத் தேடித் தந்த எட்னா லூயிஸ், பன்றிக் கொழுப்பில் வெண்ணெயும் ஒரு துண்டு ஹாமும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி) சேர்த்துக் காய்ச்சிப் பொரித்தார். ருசியைக் கொழுப்பிலும் ஊறலிலும் தேடினார், மசாலா டப்பாவில் தேடவில்லை. உப்பு, மிளகு, கொஞ்சம் பாப்ரிகா, துளி மிளகாய்த் தூள் என்ற அளவில் நின்றுகொள்வது நல்லது. கரம் மசாலா போட்டால் அது நல்ல பண்டமாகத்தான் இருக்கும், ஆனால் வேறு பண்டம்.

கறியைத் தேர்ந்தெடுப்பதில் சுருக்கமாக: நெஞ்சுக்கறி வேண்டாம். அதில் ஜெலட்டினாக மாறும் இணைப்புத் திசு குறைவு, நீண்ட நேர வேக்காட்டில் நார்நாராகிவிடும். தொடைக்கறியிலும் தடித்த இடத்தைக் கத்தியால் பிளந்து விரித்து, பிளாஸ்டிக் தாளுக்கு இடையே வைத்துத் தட்டி, எல்லாத் துண்டையும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். மேடுபள்ளமாக அடுக்கினால் நடுவே காற்றுப் பை விழும். அங்கேதான் பிற்பாடு பிளக்கும்.

தோலை என்ன செய்வது? நான் முதல் தடவை ஒவ்வொரு அடுக்கிலும் தோலை விட்டுவைத்தேன். உள்ளே மாட்டிக்கொண்ட தோல் மொறுமொறுப்பாவதில்லை, ரப்பராகிறது; அதன் கொழுப்பு உருகி அடுக்குகளுக்கிடையே வழுக்கவும் வைக்கிறது. எல்லாத் தோலையும் உரித்துவிடுங்கள். ஆனால் எறியாதீர்கள். பட்டர் பேப்பருக்கு நடுவே விரித்து, இரண்டு தட்டுகளுக்கிடையே அழுத்தி, 180 டிகிரி ஓவனில் முக்கால் மணி நேரம் வைத்தால் அப்பளம் போல வரும். பரிமாறும்போது ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒன்று. ஊரில் சமைப்பவர்கள் கடையில் தோலுரிப்பதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

அடுக்குகளுக்கு நடுவே புதினா, சீஸ், கடுகுச் சாந்து என்று வைத்து அழகு பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைத்த இடமெல்லாம் பிரியும். கறி கறியைத் தொட்டால்தான் ஒட்டும். ஆசை அடங்காவிட்டால் மிளகுத் தூளை மட்டும் மெல்லியதாகத் தூவிக்கொள்ளுங்கள்.

டின்னை அலுமினியத் தாளால் இறுக மூடி, பாதி உயரம் வெந்நீர் ஊற்றிய பெரிய தட்டில் வைத்து, 150 டிகிரி ஓவனில் சுமார் இரண்டு மணி நேரம். கோழிக்குப் பாதுகாப்பான வெப்பம் 74 டிகிரி என்பது சரிதான். ஆனால் அதில் நிறுத்தினால் தொடைக்கறி கடினமாக இருக்கும், ஜெலட்டினும் போதிய அளவு இறங்காது. நடுப்பகுதி 85 டிகிரியைத் தொட வேண்டும். இறைச்சி வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது குருட்டு யோகத்தை நம்புவது.

பாரம் வைப்பதில் நான் இரண்டு முறை கெட்டேன். ஒரு முறை பாரமே வைக்கவில்லை. நறுக்கியதும் கலகலத்துப் போயிற்று. அடுத்த முறை, பட்ட சூட்டில், ஓவனிலிருந்து இறக்கிய கையோடு ஐந்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றினேன். சாறெல்லாம் பிதுங்கி வழிந்து, கறி வைக்கோலாகிவிட்டது. இப்போது இறக்கி அரை மணி நேரம் ஆறவிட்டு, டின்னுக்குள் சரியாக அடங்கும்படி வெட்டிய அட்டையைத் தாளில் சுற்றி மேலே வைத்து, அதன் மேல் ஒன்றரைக் கிலோ எடை. ஊரிலிருந்து சுமந்து வந்த சின்ன அம்மிக் குழவிதான் எனக்கு. அதோடு ஃப்ரிட்ஜில் குறைந்தது எட்டு மணி நேரம். ஓரத்தில் ஊறி நிற்கும் சாற்றைக் கொட்டிவிடாமல் ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கவிழ்த்து, ஓரங்களைச் சீவி, மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் நறுக்குங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும். ரம்பம் மாதிரி அறுக்காமல் ஒரே இழுப்பில் இறக்குங்கள். “கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும், இளகட்டும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குளிர் குறையாத வரையில்தான் அது உங்கள் சொல் கேட்கும்.

இனி மேல்மாவு. அமெரிக்கக் கடைகளில் பட்டர்மில்க் என்று விற்பது நம் மோர் இல்லை. பாலை உறையவைத்துப் புளிக்கவிட்டது, நன்றாகக் கெட்டி. பெயரை நம்பி நீர்மோரில் நனைத்தால் மாவு ஒட்டாமல் ஒழுகிவிடும். ஒரு கப் புளிப்பேறிய கெட்டித் தயிரில் கால் கப் பால் விட்டு அடித்தால் அந்தப் பதம் வரும்; அதில் ஒரு முட்டை. துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, முதலில் வெறும் மைதாவில் லேசாகப் புரட்டி உதறி, பிறகு அந்தக் கலவையில் முக்கி, கடைசியாக உப்பும் மிளகும் கலந்த மாவில் அழுத்திப் புரட்டுங்கள். இந்தக் கடைசி மாவில் இரண்டு மூன்று ஸ்பூன் தயிர்க் கலவையைத் தெளித்து விரலால் உதிர்த்துவிட்டால் சின்னச் சின்னக் கட்டிகள் உண்டாகும். தென்மாநிலக் கோழியின் அந்தக் கரடுமுரடான ஓட்டுக்கு அவைதான் காரணம். புரட்டிய கையோடு எண்ணெயில் இறக்குவது பலரும் செய்யும் தவறு. கம்பித் தட்டில் வைத்து இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் விடுங்கள். உலர்ந்த மாவு ஈரத்தை உறிஞ்சி, வெள்ளைத் திட்டு மறைந்திருக்க வேண்டும். பொரிக்கும்போது ஓடு கழன்று போகாமல் இருப்பது இந்த இருபது நிமிடத்தால்.

எண்ணெய், சுத்திகரித்த கடலை எண்ணெய். அட்லாண்டா இருக்கும், வேர்க்கடலை விளையும் ஜார்ஜியா மாநிலத்தில் கோழிக்கு அதை விரும்புகிறவர்கள் நிறையவே உண்டு, நமக்கும் பழக்கமானது. செக்கில் ஆட்டியது சீக்கிரம் புகையும். அதைத் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள். 175 டிகிரியில், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று துண்டுகள் மட்டும். குளிர்ந்த செங்கல் நான்கைச் சேர்த்துப் போட்டால் சூடு தடாலென்று இறங்கி, ஓடு எண்ணெய் குடித்துவிடும். ஏற்கெனவே வெந்த கறி என்பதை மறந்துவிட்டுப் பத்து நிமிடம் பொரிப்பவர்களும் உண்டு. நான்கு நிமிடத்தில் நிறம் வந்ததும் எடுத்து, கம்பித் தட்டில் வைத்து, 120 டிகிரி ஓவனில் உள்ளே 74 டிகிரி வரும்வரை சூடேற்றுங்கள். காகிதத்தின் மேல் வைத்தால் அடிப்பக்கம் ஆவியில் நமுத்துப் போகும்.

வர்ஜீனியாவின் கோர்டன்ஸ்வில் நிலையத்தில், ரயில் நின்றதும் கறுப்பினப் பெண்கள் தலையில் தட்டேந்தி வந்து ஜன்னல் வழியே பொரித்த கோழி விற்ற காலம் ஒன்று இருந்தது. வழியில் ஆறிப்போனாலும் நன்றாக இருக்க வேண்டிய பண்டம் இது. உங்கள் ஓடு மேசைக்கு வருவதற்குள் தொய்ந்துவிட்டால் மாவிலோ சூட்டிலோ ஏதோ கோளாறு.

தொய்வதற்குப் பெரும்பாலும் கோழியோடு பரிமாறும் கிரேவிதான் காரணம். ராண்டால்ஃப் அம்மையார் பால் சாறைக் கோழியின் மேலேயே ஊற்றச் சொல்கிறார். இருநூறு ஆண்டு மூத்தவர், இருந்தாலும் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. இத்தனை பாடுபட்டு ஓடு கட்டியதை நனைப்பானேன்? தட்டில் முதலில் கிரேவியைப் பரப்பி, அதன் மேல் துண்டை வெட்டுமுகம் தெரிய நிறுத்துங்கள். பொரித்த எண்ணெய் இரண்டு ஸ்பூன், மைதா இரண்டு ஸ்பூன், நிறம் மாறாமல் வதக்கி, ஒன்றரைக் கப் பால், தாராளமாக மிளகு. வடித்து வைத்த சாறும் இதில்தான் சேர வேண்டும். அதைச் சேர்த்துக் கொதித்த பிறகு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு ஏற்கெனவே அதில் இருக்கிறது; பழக்கதோஷத்தில் இன்னொரு சிட்டிகை போட்டு ஒரு சட்டிக் கிரேவியை நான் சாக்கடைக்குக் கொடுத்திருக்கிறேன்.

கூட, அமெரிக்கர்கள் பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற குட்டி ரொட்டி ஒன்று, நாலு துண்டு வெள்ளரி ஊறுகாய் போதும். தட்டில் பூவும் புள்ளியும் வேண்டாம், வெட்டுமுகத்தின் வரிகளே அழகு.

நறுக்கும்போது சீவியெடுத்த ஓரங்கள் ஒரு கை அளவு மிஞ்சும். அவற்றுக்கு மாவும் வேண்டாம், தயிர்க் கலவையும் வேண்டாம். இரும்புச் சட்டியில் துளி எண்ணெய் விட்டு, ஓரம் கருகும் வரை நன்றாக வறுத்து, விருந்தினர் வருவதற்கு முன் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டுவிடுவது என் வழக்கம்.