ஏரியோரம் டென்ட்: சேர்வராயன் மலையில் ஓர் இரவு தங்க

ஏரிக்கரை என்றாலே தண்ணீரை ஒட்டி டென்ட் போடத்தான் கை பரபரக்கும். போடாதீர்கள். சேலத்தை ஒட்டி ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி, ஏரி கிடக்கும் பள்ளத்தில் தேங்கிவிடும். கரையிலிருந்து நூறு காலடி தள்ளி, கொஞ்சம் மேட்டில் படுத்தவர் கம்பளியோடு சமாளிப்பார். கரையில் படுத்தவர் இரண்டு மணிக்கு எழுந்து காருக்குள் போய் உட்காருவார்.

இன்னொரு காரணம் காட்டெருமை. அந்தியிலும் விடியலிலும் தண்ணீருக்கு இறங்கும். சேற்றில் பிளந்த குளம்புத் தடமும் ஈரம் காயாத சாணமும் தெரிந்தால் அது அவற்றின் பாதை, வேறு இடம் பாருங்கள். எதிரே வந்துவிட்டால் முகத்தில் டார்ச் அடிக்காமல், கத்தாமல், மெல்லப் பின்வாங்கி வழிவிட வேண்டும்.

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்குவது குற்றம். ஏற்காடு ஏரி ஊர் நடுவே இருக்கிறது, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் இருப்பது காபி எஸ்டேட்டுக்குள் இருக்கும் குட்டைகளும் சிற்றேரிகளும்தான். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, வாட்ச்மேனிடமும் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். கழிப்பறை, குழாய், மின்சாரம் எதுவும் இருக்காது என்று வைத்தே மூட்டை கட்டுங்கள்.

எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக். அதன் கிளை சுலபமாக முறியும், காற்றில் சொல்லாமல் விழும். அதன் அடியில் டென்ட் வேண்டாம். தரையில் விரிக்கும் தார்ப்பாய் டென்டின் அடிப்பாகத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சிறியதாக இருக்கட்டும். பெரிதாக இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேலிருந்து வழியும் மழைநீரை ஏந்தி நேராக உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். 'டென்ட் ஒழுகுகிறது' என்ற புகாரில் பாதி இதுதான். மீதி, மூச்சு. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் மூச்சிலிருக்கும் ஈரம் துணியில் பட்டுத் துளியாகி, விடிகாலையில் முகத்தில் சொட்டும். எதிரெதிராக இரண்டு திறப்பை நாலு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள். நைலான் கயிறு நனைந்தால் தளரும், படுக்கப் போகும்முன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். பாறை மண்ணில் முளை இறங்காத இடத்தில் தலையளவு கல்லில் கயிற்றைச் சுற்றுவதுதான் வழி.

குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் ஏறும். இரண்டாவது கம்பளியைப் போர்த்திக்கொள்வதைவிட அடியில் ஃபோம் பாய் விரிப்பது பலன் தரும். சாதாரணக் காற்றடைத்த மெத்தை மெத்தென்றிருக்கும், குளிரை அவ்வளவாகத் தடுக்காது.

இனி தண்ணீர். ஏரி நீரைத் துணியில் வடித்து, தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமி சாகும். ஆனால் எஸ்டேட்டில் அடிக்கும் பூச்சிமருந்து கொதியில் போகாது. டென்ட் போட ஏற்ற மார்கழி, தை மாதங்களில்தான் காபிப் பழம் பறித்துத் தோலுரிக்கும் வேலையும் நடக்கும், கழுவிய தண்ணீர் கீழே ஓடையில் கலக்க வாய்ப்புண்டு. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் சேலத்திலேயே கேனில் ஏற்றிவிடுங்கள். நாலு பேருக்கு ஒரு 20 லிட்டர் கேன். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, கேனைக் கட்டாமல் வைத்தால் உருண்டுகொண்டே வரும். ஏரி நீர் பாத்திரம் கழுவ மட்டும். அதையும் வாளியில் மொண்டு வந்து மேட்டில் கழுவுங்கள். சோப்பு மட்டுமல்ல, அரப்பு, சீயக்காய்கூட ஏரியில் கலக்கக் கூடாது.

இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் சோறு வேக நேரமாகும், பருப்பு வேக இன்னும் நெடுநேரம் ஆகும். மூன்று லிட்டர் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அரிசியை மறந்துவிடுங்கள். சேலத்துக்காரர்களுக்குக் கைவசம் ஜவ்வரிசி இருக்கிறதே, டப்பாவில் ஊறவைத்து எடுத்துப் போனால் போய்ச் சேர்வதற்குள் உப்புமாவுக்குத் தயார். மிஞ்சிய சாப்பாட்டைக் காருக்குள் பூட்டுங்கள். குரங்குக்கு ஜிப் ஒரு பொருட்டே இல்லை.

கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ குளிர்காயவென்று டென்டுக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மாசி முதல் சித்திரை வரை சருகு காய்ந்து கிடக்கும், வெளியேயும் தீ மூட்டாதீர்கள். மற்ற மாதங்களில் மூட்டினால், தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலில் வைத்துப் பார்த்தால் சூடே தெரியக் கூடாது.

மழைக்குப் பிறகு போனால் அட்டை ஏறும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தைச் செருகிப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் சற்று நேரம் கசியும், பயம் வேண்டாம்.

மலம் கழிக்க, ஏரியிலிருந்து நூறு காலடியாவது தள்ளி ஒரு சாண் ஆழக் குழி தோண்டி, பின் மண்ணால் மூடுங்கள். அதற்கென ஒரு களைக்கொத்தி போதும்.

டென்டை ஈரத்தோடு சுருட்டித்தான் இறங்க வேண்டியிருக்கும். வீடு வந்த அன்றே மொட்டைமாடிக் கொடியில் விரித்து, தையல் ஓரங்கள் வரை காயவிடுங்கள். ஈரத்தோடு பையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், அந்த நாற்றம் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் சேலத்து வெயிலில் கிடந்தாலும் துணி நைந்துவிடும்.