குதிகால் மூட்டு இணைப்பு: அம்மி கொத்தற பக்குவம்

தென்னையிலிருந்து விழுந்து குதிகால் நொறுங்குனவங்க பொள்ளாச்சிப் பக்கமிருந்து நெறைய வருவாங்க. பின்னால சப்டேலார் மூட்டு, அதாவது குதிகால் எலும்பும் அதுக்கு மேல இருக்கற எலும்பும் சேர்ற எடம், தேஞ்சு, ரெண்டு எலும்பையும் ஒண்ணா ஒட்டி இணைக்க வேண்டியதாயிரும்.

ஆபரேஷன் கத்துக்க வந்திருக்கற தம்பி, எலும்பை இறுக்கற ஸ்குரூ அப்புறம். மூட்டை ஸ்ப்ரெடர் வெச்சு விரிச்சு, க்யூரெட்டால (கரண்டி மாதிரி சுரண்டற கருவி) குருத்தெலும்பை முழுசா வழிச்செடுங்க. தேங்காத் தொட்டியில பருப்பு நோண்டற மாதிரிதான். தொட்டியோட வளைவு கெடக்கூடாது. உள்பக்கம் கை மெதுவாகட்டும். பெருவிரலை மடக்கற தசைநார் தெரிஞ்சா நில்லுங்க. அதைத் தாண்டினா நரம்பும் ரத்தக்குழாயும்.

அடுத்து 2 மி.மீ. டிரில்லால அங்கங்க துளை, சின்ன ஆஸ்டியோடோமால (எலும்பு உளி) அம்மி கொத்தற மாதிரி மீன் செதில் கொத்து. பர் (சுத்தி அரைக்கற கருவி) ஓட்டினா, சூடாகாம சலைன் (உப்புத்தண்ணி) ஊத்திட்டே இருங்க. ஒருக்கா நான் அவசரப்பட்டு ஓட்டி எலும்பு வெந்துபோச்சு, ஒட்டவேயில்லைங்க. டூர்னிகே (ரத்தம் வராம காலை இறுக்கற பட்டை) தளர்த்தினா எலும்புல பொட்டுப்பொட்டா ரத்தம் கசியோணும், அப்பத்தான் ஒட்டும். கசியலையா, இன்னும் கொத்துங்க.