நாய்களின் தடைதாண்டல் காட்சியை ஊர் மைதானத்தில் பாதுகாப்பாக நடத்துவது எப்படி?

எங்கள் சனசமூக நிலைய விளையாட்டு விழாவில் இரண்டு ஆண்டுகளாக இந்தக் காட்சியை நடத்திவருகிறேன். முதலாண்டில் ஒரு நாய் ஓட்டம் முடிந்த வேகத்தில் கயிற்றுக்கு அடியால் நுழைந்து, முன்வரிசையில் சப்பாணி கட்டியிருந்த சிறுவனின் கையிலிருந்த ரோல்ஸைப் பாய்ந்து பறித்தது. பல் படவில்லை, நகம் முழங்கையில் ஒரு கோடு போட்டது. சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். யாரோ "விசர்நாய்" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. இப்படி ஒன்று நடந்தால் ஊரில் உள்ள எல்லா நாய்களுக்கும் கெட்ட பெயர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் நாய் கூப்பிட்டவுடன் வரும், தடைகளை ஏற்கெனவே பழகியிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நாளும் நிலமும்

சித்திரை, வைகாசி வெயில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையும் வேண்டாம். தை, மாசி நல்லது. காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையை நிலத்தில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாய் அதில் ஓடக் கூடாது. செம்மண் தரையென்றால் முதல்நாள் மாலையே நீர் தெளியுங்கள். காலையில் தெளித்தால் வழுக்கும்.

நெருஞ்சி முள்ளைக் கண்ணால் தேடிப் பயனில்லை. பழைய இறப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு களத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, அடியைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் மைதானத்தின் வேலியோரத்தில் ஒரே நடையில் பதினொரு முள் ஏறியிருந்தது. அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டு களத்தை நகர்த்தினோம்.

2. அனுமதியும் தடுப்பூசியும்

மைதானத்துக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரியப்படுத்துங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டை இல்லாத நாய் களத்துக்கு வரக் கூடாது. அட்டையைக் கையில் வாங்கித் திகதியைப் பாருங்கள்: ஊசி போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஓராண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. பருவத்திலிருக்கும் பெட்டை நாயை வீட்டிலேயே விடுங்கள்.

3. தடைகள்

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு காட்சியாகத்தான். 1978இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையை நிரப்புவதற்காக, குதிரைகளின் தடைதாண்டலைப் பார்த்து அமைத்தார்கள். இன்றைய சர்வதேசப் போட்டிகளில் பெரிய நாய்களுக்கான தடை 55 முதல் 60 சென்டிமீற்றர் உயரம். ஊர்க் காட்சிக்கு அதில் பாதி போதும். சனம் பார்ப்பது உயரத்தை அல்ல, நாயும் அதன் ஆளும் ஒன்றாக ஓடுவதை.

குறுக்குத்தடிக்கு அரை அங்குல எஸ்லோன் (பிளாஸ்டிக்) பைப் வாங்குங்கள். இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம். பைப்பை எங்கும் கட்டாதீர்கள். கால் பட்டால் விழ வேண்டும். நாய் உள்ளே நுழைந்து ஓடும் சுரங்கக் குழாயின் இருபுறமும் மணல் மூட்டை வையுங்கள். கூரைபோல் சாய்த்துப் பொருத்திய, நாய் ஏறி இறங்கும் பலகையை முதல் காட்சிக்குக் கொண்டுவராதீர்கள். வீட்டில் அடித்த பலகை அசைந்தால் நாயின் தோள் போய்விடும்.

4. எல்லை

நான் தவறியது இங்கேதான். எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று கடைசித் தடையைச் சனத்தை நோக்கி வைத்தேன். கடைசித் தடையைத் தாண்டிய நாய் நிற்காது, அதே நேர்கோட்டில் இன்னும் பத்து மீற்றராவது ஓடும். அந்தக் கோட்டின் முடிவில்தான் அந்தச் சிறுவன் இருந்தான். குற்றம் நாயினுடையது அல்ல, என்னுடையது.

இப்போது முதலில் வாசலைத் தீர்மானிக்கிறேன். கடைசித் தடை வாசலை நோக்கியிருக்கும், வாசல் சனம் இல்லாத பக்கத்தில் இருக்கும். பிறகுதான் மற்றத் தடைகளுக்கு இடம்.

வாசலுக்கு இரண்டு படலைகள் வேண்டும், நடுவே இரண்டு மீற்றர் இடைவெளி. ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். அங்கே ஒரு பொறுப்பான ஆள் நிற்கட்டும். கைத்தொலைபேசியில் படம் பிடிப்பவரை நிறுத்தாதீர்கள்.

களத்தைச் சுற்றி வீதி வேலைகளில் கட்டும் செம்மஞ்சள் பிளாஸ்டிக் வலை. அதன் அடிவிளிம்பை முளையடித்து இறுக்குங்கள். அதற்கு மூன்று மீற்றர் வெளியே தும்புக்கயிறு. சனம் அதற்கு அப்பால். நைலோன் கயிறு காலில் சுற்றினால் தோலை அறுக்கும். கட்டாக்காலி நாய்கள் வரும் பக்கத்தில் கிடுகு கட்டி மறையுங்கள். ஒன்றையொன்று பார்க்காவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. கயிற்றோரம் தின்பண்டம் விற்க விடாதீர்கள்.

5. காத்திருக்கும் நாய்கள்

வேம்பின் நிழலில், ஒன்றுக்கொன்று ஐந்து மீற்றர் தள்ளி, தண்ணீருடன். தகரக் கொட்டிலிலும் மூடிய வாகனத்திலும் ஒருபோதும் வேண்டாம். நாக்கு அகன்று கடுஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து, நடை தள்ளாடினால் அதே இடத்தில் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோவது அதற்குப் பிறகு.

பிற்சேர்க்கை 1: காட்சியின் நடுவே அயல் கோயிலில் சீனவெடி வெடித்து, தன் நாய் வலையோடு மோதியதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். நாள் குறிக்கும்போதே சுற்றுவட்டாரத்தில் திருவிழா, கல்யாண வீடு உண்டா என்று விசாரியுங்கள். ஒலிபெருக்கியைச் சனத்தின் பக்கம் திருப்பி வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: காட்சி முடிந்ததும் பிள்ளைகள் நாயைத் தடவலாமா என்று பலர் கேட்டார்கள். ஒரு நாயை மட்டும், குட்டையான வாரில், அதன் ஆள் பக்கத்தில் இருக்கும்போது. மும்மூன்று பிள்ளைகளாக வந்து, பக்கவாட்டில் நின்று மார்பைத் தடவட்டும். தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோக வேண்டாம். நாய் முகத்தைத் திருப்பினால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். மற்ற நாய்கள் அதற்கு முன்னரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.