வன்னியிலிருந்து உகண்டாவுக்கு: திருச்சபைப் பணிக்குப் போகிறவர்கள் விமான ரிக்கற் போடுவது எப்படி?

பங்கு வேலை, பள்ளிக்கூட வேலை, அகதி முகாம் வேலை என்று சபைகள் மூலம் ஆப்பிரிக்காவுக்குப் போகிற ஆட்கள் இப்போது எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். நான் கிளிநொச்சியிலிருந்து இரண்டு வருடப் பணிக்காக உகண்டா வந்தவன். வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பாஸ்போட் எடுப்பது பற்றி எழுதப்போவதில்லை. வவுனியாவிலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்டால் சொல்வார்கள்.

படி 1: ரிக்கற்றைக் கடைசியாக வாங்குங்கள்

"இப்ப மலிவாக் கிடக்குது, போட்டு விடு" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். முதலில் உங்களை அழைக்கிற சபை அந்த நாட்டில் உங்களுக்கான அனுமதிக்கு விண்ணப்பித்து, கடிதம் கையில் வரவேண்டும். சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது திருச்சபைக்கும் உங்களுக்கும் தலையிடிதான்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. உகண்டாவுக்குள் நுழைய அந்தச் சான்றிதழ் கட்டாயம். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடலாம், பாஸ்போட்டைக் கொண்டுபோக வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பயணத் திகதியை அதற்குப் பிறகு வையுங்கள். 2016ஆம் ஆண்டிலிருந்து இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்பதால், முன்பே போட்டவர்கள் மறுபடி போகத் தேவையில்லை.

படி 2: ஒருவழியா, இருவழியா?

இருவழி ரிக்கற் சிலவேளை ஒருவழியை விட மலிவாகவே இருக்கும். ஆனால் திரும்பும் பகுதி பொதுவாகப் பயணம் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் செல்லாது. இரண்டு வருடம் இருக்கப் போகிறவருக்கு அது வீண். ஒருவழியே போடுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் "திரும்பும் ரிக்கற் எங்கே?" என்று கேட்பார்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதியை பையின் அடியில் வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள். ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றினால் தண்டம் கட்டவேண்டியது விமான நிறுவனம், அதனால்தான் கவுண்டரில் அவ்வளவு துருவுகிறார்கள்.

படி 3: எந்த வழியால்?

பலாலி விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது, சென்னைக்குப் பறந்து அங்கிருந்து போகலாமே என்ற ஆசை வரும். இரண்டு தனித்தனி ரிக்கற்றாகப் போட்டால் சென்னையில் பொதியை எடுத்து மறுபடி கையளிக்க வேண்டும், அதற்கு வெளியே வரவேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. கட்டுநாயக்காவிலிருந்து டோகா அல்லது டுபாய் வழியாக, உகண்டாவின் விமான நிலையம் உள்ள என்டெபே வரை ஒரே ரிக்கற்றாகப் போடுங்கள். பொதி நேரே போய்ச் சேரும்.

நேரத்தைத் தெரிவு செய்யும்போது ஏ-9 வீதியையும் கணக்கில் எடுங்கள். இரவு பஸ்ஸில் போகிறவர்கள் புத்தளம், சிலாபம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தால் கொழும்பு வரை போகாமல் கட்டுநாயக்கா பக்கத்திலேயே இறங்கலாம். காலையில் சற்றுப் பிந்திப் புறப்படுகிற விமானமாகப் பாருங்கள். விடியற்காலை விமானம் என்றால் ஒரு இரவு நீர்கொழும்பில் தங்கவேண்டி வரும்.

விலை பார்க்க கூகிள் பிளைட்ஸ் போதும். வாங்குவது விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில். நடுவில் நிற்கிற மலிவு விலைத் தளங்களை நான் தொடமாட்டேன். திகதி மாற்ற வேண்டி வந்தால் நிறுவனம் தளத்தைக் காட்டும், தளம் நிறுவனத்தைக் காட்டும்.

படி 4: பெயர்

இதை ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வழக்கத்தில் அப்பாவின் பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால். ஒன்லைன் படிவம் குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கும். எனக்கு முதலில் இடம் பிடித்துத் தந்த ஏஜென்சியில் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். பணம் கட்ட முன் கண்ணில் பட்டதால் தப்பியது. பணம் கட்டிய பிறகென்றால் பெயர் திருத்தக் காசு கேட்பார்கள், சில ரிக்கற்றுகளில் திருத்தவே விடமாட்டார்கள்.

எது குடும்பப் பெயர் என்று மூளையைக் குழப்பவேண்டாம். பாஸ்போட்டில் படமுள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு, இரட்டை அம்புக்குறி வரும்வரை உள்ளது குடும்பப் பெயர். அதற்குப் பின்னால் உள்ளது மற்றப் பெயர்கள். அதை அப்படியே எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அன்ரனி என்ற பெயரில் ஆங்கில 'எச்' இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் இங்கே பெரிய விடயம்.

என்னை உண்மையில் தாமதப்படுத்தியது ரிக்கற் அல்ல, அழைப்புக் கடிதம். பங்கிலிருந்து அனுப்பிய விபரத்தில் திருமுழுக்குப் பெயர் இருந்தது. பாஸ்போட்டில் அந்தப் பெயரே இல்லை. உகண்டாவிலிருந்து வந்த கடிதத்திலும் அதே பெயர். அதைத் திருத்தி வரவழைக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாஸ்போட், அழைப்புக் கடிதம், ஊசி அட்டை, ரிக்கற் நான்கையும் மேசையில் பரப்பி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து வாசியுங்கள். வீட்டில் இன்னொருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். ரிக்கற்றில் பெயர்களுக்கு இடையே இடைவெளி இல்லாமல் ஒட்டி வருவதும், கடைசியில் 'எம்ஆர்' (மிஸ்டர்) சேர்ந்து வருவதும் வழக்கம்தான், பயப்பட வேண்டாம்.

படி 5: பணம்

உங்கள் வங்கிக் காட் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவுக்குத் திறக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கனடாவில் இருக்கிற சித்தப்பா தன் காட்டில் கட்டுகிறேன் என்பார். நல்ல மனம்தான், ஆனால் சில நிறுவனங்கள் பணம் கட்டிய காட்டைக் கவுண்டரில் காட்டச் சொல்லும். அப்படியென்றால் அவர் உங்களுக்குக் காசை அனுப்பிவிட, நீங்கள் கட்டுவதே சுகம். அல்லது கொழும்பில் உள்ள விமான நிறுவன அலுவலகத்தில் ரூபாயில் கட்டலாம்.

கட்டிய பிறகு 13 இலக்க ரிக்கற் எண் வந்திருக்கிறதா பாருங்கள். ஆறு எழுத்துக் குறியீடு மட்டும் இருந்தால் இடம் பிடித்திருக்கிறார்கள், ரிக்கற் அடிக்கவில்லை. கட்டார் ஏர்வேய்ஸ் என்றால் எண் 157இல் தொடங்கும், எமிரேட்ஸ் என்றால் 176இல்.

படி 6: பொதி

ஆப்பிரிக்க வழிகளில் பல நிறுவனங்கள் 23 கிலோ வீதம் இரண்டு பொதி தருகின்றன. 46 கிலோவை ஒரே பெட்டியில் அடைக்க முடியாது, ஒரு பெட்டிக்கு உச்சம் 32 கிலோ. மிளகாய்த்தூளை இறுகக் கட்டுங்கள். உகண்டாவில் எங்கள் உறைப்பில் கிடைப்பதில்லை. சபைகளுக்கு வேலை செய்கிற சில பயண முகவர்களிடம் மிஷனரிமாருக்கென்று தனிக் கட்டணமும் உண்டு, கூடுதல் பொதியும் திகதி மாற்றும் வசதியும் அதில் வரும். உங்கள் சபைத் தலைமையகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த மன்னார்ப் பக்கச் சிஸ்டர் ஒருவர், துறவறப் பெயரைப் போடலாமா என்று கேட்டிருந்தார். பாஸ்போட்டில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும். 'சிஸ்டர்', 'ஃபாதர்' என்பதைப் பெயர்க் கட்டத்தில் எழுதவே வேண்டாம், அது பெயரின் பகுதியாகிவிடும். இன்னொருவருக்குப் பாஸ்போட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே வெறுமை. இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது. ஒன்லைனில் முயலாமல் நிறுவனத்துக்கே தொலைபேசி எடுத்து, அவர்கள் சொல்கிறபடி அவர்களையே போடச் சொல்லுங்கள்.