கீசர் கழற்றும் தம்பிகளே, அந்தக் கம்பியைத் தூக்கிப் போடாதீர்கள்

ஏப்ரல் நெருங்கினால்தான் கொடைக்கானல் விடுதிக்காரர்களுக்கு கீசர் ஞாபகம் வரும். திண்டுக்கல்லிலும் மதுரையிலும் தொழில் பழகிய பையன்கள் டூல்ஸ் பையோடு மேலே ஏறி வருவார்கள். கைவேலையில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். மெயினை அணைக்காமல் கை வைப்பது, தண்ணீரை வடிக்காமல் போல்ட்டைத் திருகுவது போன்றவற்றை நான் சொல்லவே வேண்டாம். சொல்ல வேண்டியவை வேறு.

எல்லாத் தண்ணீரையும் ஒன்றாக நினைப்பது

மலையில் ஓடைத் தண்ணீர் வேறு, போர்வெல் தண்ணீர் வேறு. இங்கே அடியில் இருப்பது சார்னக்கைட் பாறை, சுண்ணாம்புப் பாறை இல்லை. மழை பெய்து பாறைமேல் ஓடி வரும் தண்ணீரில் கரைவதற்கு அதிகம் கிடைக்காது. அதனால் ஓடைத் தண்ணீர் மென்மையானது. சோலைக்காட்டு மக்கு வழியாக இறங்கினால் லேசான அமிலத்தன்மையும் வந்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீர் உப்புப் படியவிடாது, இரும்பைத் தின்னும். போரில் வருவது பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறது. கோடையில் இறக்கும் லாரித் தண்ணீர் எங்கே பிடித்தது என்பது லாரிக்காரருக்கே வெளிச்சம். ஒரே தொட்டியில் மூன்றும் மாறி மாறி விழும் வீடுகள் இங்கே நிறைய. ஸ்பானரை எடுக்கும் முன் "எந்தத் தண்ணி விடுறீங்க?" என்று கேளுங்கள்.

மெக்னீசியம் கம்பியைக் கழற்றி எறிவது

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

வில்பட்டிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே. போர்த் தண்ணீர். தண்ணீர் சூடாக நேரமாகிறது, உள்ளே கடகடவென்று சத்தம் வேறு. சீசனுக்கு முன் ஒரு பையன் வந்து ஹீட்டர் காயிலைக் கழற்றி, சுண்ணாம்பை எல்லாம் சுரண்டி, புதுசு போலப் பளபளவென்று மாட்டிவிட்டுப் போனான். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த சீசன் வருவதற்குள் குளியலறைச் சுவரில் செம்மண் நிறத்தில் கறை இறங்கியது. என்னைக் கூப்பிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் டேங்க் வெல்டிங் ஓரத்தில் ஓட்டை. ஹீட்டர் தட்டில் காயில் இருக்கிறது, தெர்மோஸ்டாட் குழாய் இருக்கிறது, டேங்கைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் கம்பி இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

அந்தப் பையனுக்கே போன் போட்டேன். "கம்பி எங்கப்பா?"

"அது செத்துப்போச்சுண்ணே. சும்மா தொங்கிட்டு இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

சாவதுதான் அதற்கு வேலை! டேங்கின் உள்ளே பூசிய எனாமலில் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தே தீரும். அந்த வழியாகத் தண்ணீர் இரும்பைத் தொடும். மெக்னீசியம் இரும்பைவிட எளிதாக அரிபடும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில் தொடர்போடு இருந்தால் முதலில் அரிபடுவது மெக்னீசியம்தான். தம்பிக்கு விழவேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் அண்ணனைப் போல. அது கரைந்து மெலிந்திருந்தால் உழைத்திருக்கிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டால் அன்றைக்கே டேங்க் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆனால் ஒழுகுவதற்குப் பல மாதம் ஆவதால் பழி யார் தலையிலும் விழாது. "கம்பெனி மாடல் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் புதுசு வாங்கிவிடுவார்கள்.

கம்பி சில நூறு ரூபாய். கீசர் பல ஆயிரம். டேங்கில் ஓட்டை விழுந்தால் பற்றவைத்து ஒப்பேற்ற முடியாது. உள்ளே இருக்கும் எனாமல் அந்தச் சூட்டில் உதிர்ந்துவிடும். சில மாடல்களில் எனாமல் பூசாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க்கூட உண்டு, ஆனால் கம்பி போட்டு வந்த மாடலில் கம்பி இருந்தே ஆகவேண்டும்.

ஆகவே காயிலுக்காகத் தட்டைத் திறக்கும்போதெல்லாம் கம்பியைப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ, நடுவில் இருக்கும் மெல்லிய ஸ்டீல் வெளியே தெரிந்தாலோ மாற்றுங்கள். அதே மரை அளவில் வாங்குங்கள், கூடவே ரப்பர் கேஸ்கெட்டும். மேலே கிடைக்காது என்று சாக்கு சொல்லாமல், வத்தலகுண்டு தாண்டும்போதே பையில் இரண்டு போட்டுக்கொண்டு ஏறுங்கள். வீட்டுக்காரரிடம் பழைய கம்பியைக் காட்டிவிட்டுப் போவது நல்லது. அடுத்த தடவை அவரே கேட்பார்.

கழிவறை ஆசிட்டில் காயிலை முக்குவது

சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உலோகமும் சேர்ந்து போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குழி விழும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊறவையுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று அடைப்பது

அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டேங்க் வெடிக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருகிவைப்பது

குளிருக்குப் பயந்து 75 டிகிரியில் வைக்கிறார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூட்டில் உடைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. 60 தாண்டினால் வேகம் கூடும். 60 போதும்.

டி.டி.எஸ். பேனாவை நம்பிக் கடினத்தன்மை சொல்வது

கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். பேனா காட்டுவது கரைந்த எல்லா உப்பின் மொத்தக் கணக்கு. சோடியமும் அதில் அடக்கம், அது படியாது. ஒருவர் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் போட்டார். பேனாவில் எண் குறையவில்லை என்றதும் "இது வேலைக்கு ஆகாது" என்று ஒருவன் ஆர்.ஓ. தலையில் கட்டிவிட்டான். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, எண் எப்படிக் குறையும்? சொட்டு மருந்து விடும் ஹார்ட்னஸ் கிட் வாங்குங்கள், சிவப்பு நீலமாக மாறும் வரை எண்ணிக்கொண்டால் கணக்கு வந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை. ஓடைத் தண்ணீர் மட்டும் வரும் வீட்டுக்கு சாஃப்ட்னரே தண்டச்செலவு.

ஓடைத் தண்ணீருக்கும் சமவெளியில் போட்ட அதே அளவு சோப்புத்தூள்

வாஷிங் மெஷின் நுரை கக்கும். பாதி போடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுத் தண்ணீர்

எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.